பெரிய எழுத்து வேதாகமம்: ஆறு மாதம் கழித்து

பெங்களூரு சிவாஜிநகரில், மேரி பசிலிக்காவுக்குப் பக்கத்துச் சின்னக் கடையில் 650 ரூபாய்க்கு வாங்கினேன். என் வீட்டுக்காரருக்கு வாரம் மூணு டயாலிசிஸ், ஒவ்வொண்ணும் நாலு மணி நேரம். பக்கத்துல உக்காந்து வாசிப்பேன். கண்ணாடி மறந்தாலும் எழுத்து தெரியுது, அதுக்கே முழு மார்க்.

யோபு 42 அதிகாரமும் ரெண்டு தடவை முடிச்சாச்சு. யோபுவோட சிநேகிதர்கள் ஆறுதல் சொல்ல வந்துட்டு அவரையே குறை சொல்ல ஆரம்பிச்சா, "நம்ம சொந்தக்காரங்களேதான்"னு இவர் சிரிப்பார். ஆபகூக் 3:17ல அத்திமரம் துளிர்க்காது, தொழுவத்துல மாடிருக்காது. அடுத்த வசனமே மகிழ்ச்சி. பல நாள் எனக்கு அது வரல, ஆனாலும் சத்தமா வாசிச்சுடுவேன். அந்தப் பக்கமே கசங்கிப்போச்சு.

தாள் ரொம்ப மெலிசு. உறையோட ஜிப் மூணாம் மாசமே போச்சு, கடையில மாத்தித் தரல. பஸ்ல தூக்கிட்டுப் போக கனம்.

நாளைக்கு சங்கீதம் 119. 176 வசனம், நல்லா நேரம் போகும்.