ஸ்கேன் மெஷின் சோதனைக்கு ஜெல் ஃபாண்டமா, ரப்பர் ஃபாண்டமா?

அல்ட்ராசவுண்ட் மெஷினை மாதாமாதம் சோதிக்க ஃபாண்டம் (உடல் திசுவுக்குப் பதிலாக ஸ்கேன் செய்து பார்க்கும் மாதிரி) வாங்கப்போனால் இரண்டு வகை முன்னால் வரும்: நீர் சேர்ந்த ஜெல், யூரித்தேன் ரப்பர். மதுரைப் பக்கத்து ஸ்கேன் சென்டர்களுக்கு ரப்பர்தான் ஏற்றது என்பது எங்கள் முடிவு. நாங்கள் வாங்கியதும் அதுதான்.

ஜெல்லின் பலத்தை முதலிலேயே சொல்லிவிடலாம். உடல் திசுவில் ஒலி வினாடிக்கு 1540 மீட்டர் போகிறது என்ற கணக்கில்தான் மெஷின் தூரத்தை அளக்கிறது. நல்ல ஜெல்லிலும் அதே வேகம். ரப்பரில் சுமார் 1450தான். அதனால் அளவு பார்ப்பதற்காக ரப்பருக்குள் 100 மி.மீ. ஆழத்தில் பதித்திருக்கும் மெல்லிய இழையை மெஷின் 106 என்று காட்டும். சில தயாரிப்புகளில் இழையை 94 மி.மீ.யில் வைத்து, திரையில் 100 வரும்படி சரிக்கட்டியிருப்பார்கள். ஆழம் சரியாகிவிடும், ஃபோகஸ் இடம் மாறுவதால் குறுக்குவாட்டுத் தெளிவு சரியாகாது. புது மெஷினின் தெளிவை எடைபோட வேண்டுமென்றால் ஜெல்தான்.

மாதச் சோதனையின் கேள்வி வேறு: முதல் நாள் எடுத்த படத்துக்கும் இன்றைய படத்துக்கும் வித்தியாசம் உண்டா? பிரீசெட், டெப்த், கெயின், ஃபோகஸ் எல்லாவற்றையும் குறித்துவைத்து ஒவ்வொரு முறையும் அதே அமைப்பில் பார்க்கிறோம். படத்தில் திசு போலத் தெரியும் சன்னமான புள்ளித்திரள் மெஷினின் இரைச்சலில் கரைந்து மறையும் ஆழம் 1 செ.மீ. குறைந்திருந்தால் சர்வீஸைக் கூப்பிடுகிறோம். இதற்கு ஃபாண்டம் மாறாமல் இருந்தாக வேண்டும்.

ஜெல் காயும். பெட்டியை எவ்வளவு இறுக்கி மூடினாலும் மேல்சவ்வு வழியாக நீர் கசிந்து ஆவியாகிக்கொண்டே இருக்கும். வந்த அன்றே எடைபோட்டு எழுதிவைத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி எடைபோட வேண்டும். நீர் குறைந்தால் மேற்பரப்பு குழியும். அதன்மேல் லீனியர் புரோப்பை (உடல்மேல் வைக்கும் கருவியில் தட்டை முகம் கொண்ட வகை) வைத்தால் நடுவில் இடைவெளி விழுந்து, படத்தில் மேலிருந்து கீழாகக் கருப்புப் பட்டை வரும். பார்ப்பதற்கு எலிமென்ட் (புரோப்பில் ஒலியை அனுப்பி வாங்கும் சிறு துண்டு) செத்தது போலவே இருக்கும். புரோப்பை 2 செ.மீ. நகர்த்திப் பாருங்கள். பட்டை திரையில் அதே இடத்தில் நின்றால் புரோப் பழுது. இடம் மாறினால் ஃபாண்டம் பழுது. இந்த வேறுபாடு தெரியாமல் நல்ல புரோப்பைக் கழற்றி அனுப்பினால் செலவு யார் தலையில்?

இன்னொன்று, கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் பிசிபிஎன்டிடி சட்டத்தின்கீழ் பதிவான மெஷினை நினைத்த இடத்துக்கு நகர்த்த முடியாது. மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் கிளைகளுக்கு ஃபாண்டம்தான் போக வேண்டும். கத்திரி வெயிலில், கார் டிக்கியில், குலுங்கிக்கொண்டே. ரப்பர் இதைத் தாங்கும். சோப்புத் தண்ணீர் தொட்டுத் துடைத்து வைத்தால் போதும்.

ரப்பருக்கும் குறை உண்டு. சூடேறினால் ஜெல்லில் ஒலி வேகம் கூடும், ரப்பரில் குறையும். டிக்கியிலிருந்து இறக்கிய கையோடு சோதித்தால் எண்கள் பொய்யாகும். முதல் நாள் இரவே ஏசி அறையில் வைத்துவிட்டு, காலையில் வெப்பநிலையையும் சேர்த்துக் குறியுங்கள். அதிர்வெண் ஏற ஏற ரப்பர் திசுவைவிட அதிகமாக ஒலியை விழுங்கும். எனவே 10 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட புரோப்பில் ஆழ எண்ணைப் பழைய எண்ணோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

இரண்டுமே வாங்க இயலாதவர்கள் காற்றுச் சோதனையையாவது விடாதீர்கள். 2009இல் வெளிவந்த ஸ்வீடன் ஆய்வில் 676 புரோப்களில் 39.8 சதவீதம் பழுதோடு இருந்தன; இப்படிப்பட்ட பழுதுகளில் பலவற்றை ஃபாண்டமே இல்லாமல் பிடிக்கலாம். புரோப்பில் பூசிய ஜெல்லைத் துடைத்துவிட்டு, படத்தை மெருகேற்றும் காம்பவுண்டிங்கையும் ஹார்மோனிக்கையும் மெஷினில் அணைத்து, புரோப்பைக் காற்றில் பிடியுங்கள். திரையின் மேல்பகுதியில் எதிரொலிப் பட்டைகள் இந்த ஓரம் முதல் அந்த ஓரம் வரை சீராக ஓட வேண்டும். நிமிர்த்திய பேப்பர் கிளிப்பைப் புரோப் முகத்தின் நீளத்துக்குக் குறுக்காக வைத்து மெல்ல இழுங்கள். கிளிப்போடு நகரும் எதிரொலி எங்கே மங்குகிறதோ அங்கே எலிமென்ட் செத்திருக்கிறது. லீனியர், கர்விலீனியர் (வளைந்த முகம்) இரண்டிலும் இது தெளிவாகத் தெரியும். இதய எக்கோவுக்கான ஃபேஸ்டு அரே வகைப் புரோப்பில் எல்லா எலிமென்ட்டும் சேர்ந்தே ஒவ்வொரு கோட்டையும் வரைவதால், ஒன்றிரண்டு செத்தாலும் படம் காட்டிக்கொடுக்காது.