பீஸ் கோர், செனகல்: ஊர் ஏற்றுக்கொள்ளும் விதம்

அமெரிக்கக் குடியுரிமை பெற்ற தமிழ்க் குடும்பத்தில், பட்டம் பெற்ற பிள்ளை இரண்டு ஆண்டு ஆப்பிரிக்கக் கிராமத்தில் பணியாற்றிவிட்டு வருகிறேன் என்று சொன்னால், முதலில் பாதுகாப்பைப் பற்றியும் அடுத்துச் சம்பளத்தைப் பற்றியும் கேள்வி எழும். அந்த ஊரார் நம் பிள்ளையைத் தங்களில் ஒருவராக ஏற்பார்களா என்பது கடைசியாகத்தான் கேட்கப்படும். அமெரிக்க அரசு தன்னார்வலர்களை வெளிநாடுகளுக்கு அனுப்பும் பீஸ் கோர் திட்டத்தை அந்தக் கடைசிக் கேள்வியை வைத்தே மதிப்பிட வேண்டும் என்பது என் கருத்து.

1961-இல் கென்னடி தொடங்கிய இத்திட்டம் 1963 முதல் மேற்கு ஆப்பிரிக்க நாடான செனகலில் இயங்கி வருகிறது. பணிக்காலம் 27 மாதங்கள். அவற்றில் முதல் மூன்று மாதங்கள் பயிற்சி. தியெஸ் நகரில் இதற்கென ஒரு மையம் இருந்தாலும், பயிற்சியின் உயிர் இருப்பது தன்னார்வலரைத் தங்கவைக்கும் உள்ளூர்க் குடும்பத்தில்தான். அந்தக் குடும்பம் வந்தவருக்குத் தங்கள் வழக்கப்படி ஒரு பெயர் சூட்டுகிறது. அதனுடன் குடும்பப் பெயரும் சேர்வதால் ஓர் உறவு வலையே கிடைத்துவிடுகிறது. அங்கே சில குடும்பப் பெயரினர் ஒருவரையொருவர் கேலி செய்துகொள்வது வழக்கம்: ஜோப் என்ற குடும்பப் பெயர் பெற்றவரை, முன்பின் அறியாத ந்ஜாய் குடும்பத்தார் ஒருவர் சந்தையில் நிறுத்தி, சோற்றைக் கண்டால் விடமாட்டீர்களே என்று கேலி செய்யலாம். நம் மாமன் மச்சான் கேலியைப் போல அதற்குக் கோபப்படாமல் பதில் கேலி பேச வேண்டும். எத்தனை வகுப்பு நடத்தினாலும் இந்த உரிமையைக் கற்பித்துவிட முடியாது. திட்டத்தின் மிகச் சிறந்த அம்சமாக நான் கருதுவது இதைத்தான்.

உணவும் அப்படியே. பெரிய தட்டைச் சுற்றி அனைவரும் அமர்ந்து, அவரவர்க்கு எதிரே உள்ள பகுதியை மட்டும் உண்கிறார்கள். நடுவிலிருக்கும் மீனையும் காய்கறியையும் வீட்டுப் பெண்மணி பிட்டு விருந்தினர் பக்கம் தள்ளிக்கொண்டே இருப்பார். சாப்பாட்டுக்குப் பின் அத்தாயா என்னும் தேநீரை மூன்று சுற்றாகக் காய்ச்சிக் குடிக்க நெடுநேரமாகும். அதை வீண்பொழுது என்று எண்ணி எழுந்து போகிறவருக்கு ஊர் திறந்துகொள்ளாது, ஏனெனில் மறுநாள் தோட்டத்துக்கு யார் வருவார், கிணற்றில் தண்ணீர் எப்படி என்பதெல்லாம் அங்கேதான் பேச்சில் வரும்.

இந்திய முகத்துடன் செல்பவருக்குத் தனிச் சிக்கல் ஒன்று உண்டு: அவர் அமெரிக்கர் என்பதைப் பலர் எளிதில் நம்புவதில்லை. அதே சமயம், செனகலில் இந்தித் திரைப்படங்களுக்குப் பல பத்தாண்டுகளாக ரசிகர்கள் இருப்பதால், அன்புடன் ஒரு பாட்டுப் பாடச் சொல்வார்கள். இந்தி தெரியாத தமிழர் அப்போது என்ன செய்வார் என்பதற்குப் பயிற்சியில் விடை இல்லை.

உதவித்தொகை உள்ளூர் வாழ்க்கைத் தரத்துக்கு ஏற்ற அளவே. பணி முடிந்ததும் 10,000 டாலருக்குச் சற்று அதிகமான தொகை கிடைக்கும். விண்ணப்பக் கட்டணம் இல்லை. குறை என்று சொன்னால், மூன்று மாத மொழிப் பயிற்சி நலம் விசாரிக்கப் போதும், கூட்டத்தில் வாதிடப் போதாது. எனவே பணியிடத்தின் தொடக்க மாதங்கள் தனிமையாகவே கழியும் என்று எதிர்பார்த்துச் செல்ல வேண்டும். 2020 மார்ச்சில் பெருந்தொற்றின் காரணமாக உலகெங்குமிருந்த தன்னார்வலர்கள் அனைவரும் திருப்பி அழைக்கப்பட்டார்கள் என்பதையும் நினைவில் கொள்ளலாம்: ஊரோடு ஒட்டிக்கொள்ள எவ்வளவு உழைத்தாலும், எப்போது கிளம்புவது என்பது முழுக்க நம் கையில் இல்லை.

இரண்டு ஆண்டுகளில் கண்ணுக்குத் தெரியும் சாதனையை எதிர்பார்ப்பவர்களுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். சைவ உணவினர், தட்டின் காய்கறிப் பக்கத்தை உண்டு சமாளிக்கலாம் என்று எண்ணக்கூடும். ஆனால் செபு ஜென் என்னும் செனகலின் மீன் சோற்றில் சோறே மீன் வெந்த சாற்றில்தான் வேகிறது, ஆகவே அதைப் பற்றி விண்ணப்பிக்கும் முன்பே முடிவு செய்துகொள்வது நல்லது.