கிழக்கு ஐரோப்பியப் பங்கு நிதி: ஒரு முதலீட்டாளரின் மதிப்புரை

சில ஆண்டுகள் நான் யூனிட்டுகள் வைத்திருந்த ஒரு கிழக்கு ஐரோப்பியப் பங்கு நிதியைப் பற்றியது இம்மதிப்புரை. இதே வார்ப்பில் நிதிகள் பல வந்திருப்பதால் பெயர் தேவையில்லை. கணக்கு அறிக்கைகள் தவறாமல் வந்தன. கட்டணமும் நியாயமாகவே இருந்தது. குறை அதன் விளக்க ஏட்டில் இருக்கிறது. ரஷ்யப் பங்குகள் லாபத்தை ஒப்பிடுகையில் மிக மலிவு என்பதைப் பக்கம் பக்கமாக விளக்கும் அந்த ஏடு, ஊழல் என்னும் சொல்லை அபாயப் பட்டியலில் ஒரே வரியில், ஏதோ பருவமழை பொய்ப்பதைப் போலக் குறிப்பிட்டுக் கடந்துவிடுகிறது.

அந்த மலிவுக்குக் காரணம், பங்கு உங்களுடையது என்று கடைசிவரை நிலைநாட்டித் தரக்கூடிய அமைப்பு அங்கே இல்லாததுதான். 1990களில் ரஷ்ய நிறுவனங்கள் பலவற்றில் யாரிடம் எத்தனை பங்கு என்று குறிக்கும் பங்குப் பதிவேடு அந்தந்த நிறுவனத்தின் பிடியிலேயே இருந்தது. 1994இல் கிராஸ்நோயார்ஸ்க் அலுமினிய ஆலை, லண்டனைச் சேர்ந்த டிரான்ஸ்-வேர்ல்ட் குழுமத்துக்கு உரிய சுமார் 20 விழுக்காட்டுப் பங்கைப் பதிவேட்டிலிருந்தே அடித்துவிட்டது. பிரிட்டிஷ் பெட்ரோலியம் 1997இல் 57.1 கோடி டாலர் கொடுத்து சிடான்கோ எண்ணெய் நிறுவனத்தில் 10 விழுக்காடு வாங்கியது. சிடான்கோவின் முக்கியத் துணை நிறுவனமான செர்னோகோர்நெஃப்ட் 1999இல் திவால் நடவடிக்கையின் வழியாகப் போட்டி நிறுவனமான டிஎன்கேயிடம் போய்ச் சேர்ந்தது. (அதே டிஎன்கேயுடன் 2003இல் பிரிட்டிஷ் பெட்ரோலியம் கூட்டுச் சேர்ந்தது தனிக்கதை.)

ரஷ்யப் பங்குகளில் முதலிட்ட வெளிநாட்டு நிதியான ஹெர்மிடேஜின் அனுபவம் இன்னும் நுணுக்கமானது. 2007 ஜூனில் மாஸ்கோவில் நடந்த சோதனையில் காவலர்கள் அள்ளிச் சென்றவற்றில் அதன் துணை நிறுவனங்களின் முத்திரைகளும் பதிவுச் சான்றுகளும் இருந்தன. பின்னர் அந்நிறுவனங்கள் வேறு ஆட்களின் பெயருக்கு மாற்றப்பட்டு, லாபமே இல்லை என்று ஆகும்படி போலி ஒப்பந்தங்களால் நட்டம் காட்டப்பட்டு, அவை ஏற்கெனவே செலுத்தியிருந்த வரியில் சுமார் 23 கோடி டாலர் அந்த ஆட்களுக்குத் 'திருப்பித் தரப்பட்டது'. இம்மோசடியை வெளிக்கொணர்ந்த வரி ஆலோசகர் செர்கெய் மாக்னிட்ஸ்கி 2009 நவம்பரில் காவலில் இறந்தார். கவனிக்க வேண்டியது இதுதான்: களவின் ஒவ்வொரு படியிலும் காகிதங்கள் ஒழுங்காக இருந்தன, நீதிமன்றத் தீர்ப்புகள்கூட இருந்தன. கணக்குகளைத் தணிக்கை செய்து பார்க்கும் நிதி மேலாளரால் இதை எப்படி முன்கூட்டி மோப்பம் பிடிக்க முடியும்?

முன்னாள் கம்யூனிச நாடுகள் அனைத்தையும் ஒரே பையில் போடுவது இந்நிதியின் இரண்டாவது பிழை. போலந்தில் 1991 ஏப்ரலில் பங்குச் சந்தை தொடங்கியபோதே பங்குகள் காகிதமின்றி, அந்தந்த நிறுவனத்தின் பிடியில் இல்லாத ஒரு மைய வைப்பகத்தில் பதிவாயின. அச்சந்தை இயங்கியது முன்பு கம்யூனிஸ்ட் கட்சியின் தலைமையகமாக இருந்த கட்டடத்தில். அத்தகைய சந்தையையும் மாஸ்கோவையும் 'வளரும் ஐரோப்பா' என்ற ஒரே தலைப்பில் சேர்த்து, பெரும்பங்கை மாஸ்கோவில் வைத்த நிதிக்கு ஐந்தில் இரண்டு மதிப்பெண்ணுக்கு மேல் தர மனம் வரவில்லை. போலந்துக்கென்று தனி நிதி கிடைத்தால் அதை வாங்கலாம்.

2022 பிப்ரவரி இறுதியில் உக்ரைன் போரை ஒட்டி மாஸ்கோ சந்தை மூடப்பட்டது. மார்ச்சில் திறந்தபோது வெளிநாட்டார் விற்கத் தடை. இந்நிதியிடமிருந்து அடுத்து வந்த அறிக்கையில் ரஷ்யப் பங்குகளின் எண்ணிக்கை முன்பிருந்தபடியே இருந்தது, அவற்றின் மதிப்புக் கட்டத்தில் மட்டும் பூச்சியம்.