களிப்பாறைக் கார்பன்: ரெசிஸ்டிவிட்டியா, டென்சிட்டியா?

எண்ணெய்க் கிணற்றிலிருந்து கோர், அதாவது பாறைத்தண்டு, எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினால் பாறையில் கரிமக் கார்பன் எவ்வளவு என்பது தெரிந்துவிடும். ஆனால் கிணறு முழுக்கக் கோர் எடுப்பது கட்டுப்படியாகாது. அதனால்தான் லாக்கை, அதாவது கிணற்றுக்குள் கருவியை இறக்கி ஆழவாரியாக அளந்த பதிவை, வைத்துக் கணக்கிடுகிறோம்.

அதிகம் புழங்குவது 1990-இல் பாஸியும் குழுவினரும் வெளியிட்ட டெல்டா லாக் ஆர் முறை. சோனிக் (ஒலி பாறையைக் கடக்கும் நேரம்) கோட்டையும் ரெசிஸ்டிவிட்டி (மின்தடை) கோட்டையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் போடவேண்டும். ரெசிஸ்டிவிட்டி பத்து மடங்கு ஏறுவதற்கு, சோனிக்கில் அடிக்கு 50 மைக்ரோவிநாடி என்று அளவை வைப்பார்கள். கரிமம் இல்லாத களிப்பாறையில் இரண்டும் ஒட்டியே போகும். கெரோஜன், அதாவது பாறையிலுள்ள திடக் கரிமப் பொருள், வந்ததும் ஒலி மெதுவாகும். அது எண்ணெயாக மாறி நீரைத் தள்ளினால் ரெசிஸ்டிவிட்டியும் ஏறும். கோடுகள் விலகும். பார்க்கவே அழகாக இருக்கும்.

சிக்கல் அடுத்த படியில். அந்த விலகலைச் சதவீதமாக்க, பாறையின் வெப்ப முதிர்ச்சி எண்ணை, அதாவது பாறை எவ்வளவு வெந்திருக்கிறது என்பதன் அளவை, கொடுக்கவேண்டும். விலகல் 1, அதாவது ரெசிஸ்டிவிட்டியில் பத்து மடங்கு, என்று வைத்துக்கொள்வோம். முதிர்ச்சி 9 என்றால் கார்பன் 6 சதவீதம். 10 என்று போட்டால் 4 சதவீதம்தான். ஓர் எண் தள்ளிப்போனால் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போகிறது, அதுவும் கிணறு முழுக்க. கோட்டைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

அதனால் என் ஓட்டு டென்சிட்டிக்கு, அதாவது பாறையின் அடர்த்தியை அளக்கும் லாக்குக்கு. வடக்கு டகோட்டாவின் பாக்கென் கருங்களிப்பாறைக்கு ஷ்மோக்கரும் ஹெஸ்டரும் 1983-இல் தந்த வாய்பாடு எளிது: 154.497-ஐ அடர்த்தியால் வகுத்து 57.261-ஐக் கழிக்கவேண்டும். கன சென்டிமீட்டருக்கு 2.25 கிராம் என்றால் 11.4 சதவீதம். முதிர்ச்சி எண் தேவையில்லை. கெரோஜன் லேசானது, தாதுக்கள் கனமானவை, அவ்வளவுதான் சங்கதி.

இதுவும் தப்பும். சுவர் இடிந்து கிணறு அகன்ற இடத்தில் கருவி கிணற்றில் நிரம்பியிருக்கும் துளையிடும் சேற்றையும் சேர்த்து அளந்து 2.20 என்று காட்டினால், கார்பன் 13 சதவீதமாகிவிடும். ஆனால் அந்த இடத்தைக் கிணற்றின் விட்டத்தை அளக்கும் காலிபர் கோடு காட்டிக்கொடுக்கும், அந்த அடிகளை நீக்கிவிடலாம். பைரைட் என்ற இரும்புக் கந்தகத் தாது மட்டும் கொஞ்சம் தொல்லை: கனமான தாது என்பதால் கார்பனைக் குறைத்துக் காட்டும். இன்னொன்று, அந்த எண்கள் பாக்கெனுக்கு உரியவை. வேறு படுகை என்றால் அந்த ஊர்க் கோரை வைத்துப் புதிதாகக் கோடு போடவேண்டும்.

கரிமத்தோடு யுரேனியமும் சேர்ந்து படியும் என்பதால், கதிரியக்கத்தை அளக்கும் காமா லாக்கைப் பார்ப்பவர்கள் உண்டு. கடல் களிப்பாறைக்குச் சரி. ஏரியில் படிந்ததற்கு நம்பமாட்டேன். நியூட்ரான் நிறமாலைக் கருவி மொத்தக் கார்பனையே நேரடியாக அளக்கும். சுண்ணாம்பின் கார்பனைக் கழித்தால் போதும். செலவு அதிகம்.

அப்புறம், டென்சிட்டி லாக்கே இல்லாத பழைய கிணறுகள். அங்கே டெல்டா லாக் ஆர்தான் வழி. முதிர்ச்சி எண்ணை மட்டும் பக்கத்துக் கிணற்றிலிருந்து கடன் வாங்காமல், அதே கிணற்றின் பாறைத்துகளில் அளந்து போடுங்கள்.