சுக்கிஜியில் காலைச் சாப்பாடு: யாழ்ப்பாணத்து நாக்குக்கு

பாசையூரில் விடிய ஏலம் கூறி எடுத்த மீனைத் தின்று பழகிய நாக்கு, தோக்கியோவில் ஏமாறாது. அங்கே சுக்கிஜி என்ற இடத்தில் இருந்த மொத்த மீன்சந்தை 2018 ஒக்டோபரில் தொயோசு என்ற இடத்துக்குப் போனாலும், சுக்கிஜியின் வெளிச்சந்தையும் அதன் சின்னக் கடைகளும் அங்கேயே இருக்கின்றன. விடியவே போங்கள், மத்தியானம் கழிந்தால் பல கடைகள் பூட்டிவிடும். ஞாயிறும் பல புதன்களும் பெரும்பாலும் விடுமுறை. காசுத்தாள் கட்டாயம் வேண்டும்.

முதலில் கைசென்தொன் எடுங்கள்: சோற்றின் மேல் பச்சை மீன் துண்டுகள். சூரை இனத்தின் சிவந்த சதை அகாமி, கொழுத்த வயிற்றுப்பகுதி ஓதொரோ. விலை கூடினாலும் ஓதொரோ இரண்டு துண்டுக்கு மேல் திகட்டும். அகாமிதான் மீனின் உண்மையான ருசியைச் சொல்லும். சோற்றுப் பிடியின் மேல் மீன் துண்டு வைத்த சுஷியைச் சோயா சோஸில் தோய்க்கும்போது மீன் பக்கத்தைத் தோயுங்கள். சோற்றுப் பக்கம் தோய்ந்தால் உப்பை உறிஞ்சி உதிர்ந்துவிடும். வசாபி என்ற உறைப்பான பச்சைப் பசை உள்ளேயே தடவியிருக்கும். எங்கட மிளகாய்த்தூள் உறைப்பு மாதிரி நாக்கில் நிற்காமல் மூக்கில் ஏறும். வேண்டாமென்றால் "சபி நுக்கி" என்று முன்னரே சொல்லவேண்டும்.

பச்சை மீன் ஒத்துவராதவர்களுக்குச் சுட்ட மீன், சோறு, மிசோ (புளிக்கவைத்த சோயாப் பசை) சூப், ஊறுகாய் சேர்ந்த தெய்ஷொக்கு என்ற சாப்பாட்டுத் தட்டு நல்லது. இனிப்பான முட்டைப் பொரியலையும் விடாதீர்கள், ஆனால் நடந்துகொண்டு தின்னாமல் கடை வாசலிலேயே நின்று முடியுங்கள்.