மூன்று வருடமாக டாஷ்போர்டில் உட்கார்ந்திருக்கும் என் டப்பா

என்னுடையது 1999 மாடல் கார்புரேட்டர் கார். கருவி செருகி இன்ஜின் விவரம் படிக்கிற ஓபிடி சாக்கெட் எல்லாம் கிடையாது. இன்ஜின் சூட்டைச் சொல்ல, 'சி'க்கும் 'ஹெச்'சுக்கும் நடுவில் சோம்பலாக நிற்கும் ஒரு முள் மட்டும்தான். சென்னை ரிச்சி தெருவில் ஆர்டுயினோ நானோ என்ற குட்டி புரோகிராம் போர்டு, டிஎஸ்18பி20 வெப்ப சென்சார், 0.96 அங்குல ஓஎல்இடி திரை வாங்கிவந்து, பேட்டரி வோல்ட்டேஜும் இன்ஜின் கூலன்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டின் மூடிச் சூடும் காட்டுகிற டப்பா ஒன்றைச் செய்து மாட்டினேன். மூன்று வருடம் ஓடிவிட்டது.

புரோகிராம் ஒரு சாயங்கால வேலை. கரன்ட் கொடுப்பதில்தான் பாடாய்ப் பட்டேன். முதலில் 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக்கும் 7805 ஐசியைப் போட்டு நேராக பேட்டரியிலிருந்து எடுத்தேன். மூன்று வாரம் ஊருக்குப் போய்விட்டு வந்து சாவியைத் திருப்பினால் 'டிக்' என்ற சத்தம் மட்டும். டப்பா இழுத்தது 45 மில்லி ஆம்பியர்தான். ஆனால் ஒரு நாளைக்கு ஒரு ஆம்பியர்-அவர் (ஒரு ஆம்பியர் வீதம் ஒரு மணி நேரம்) அளவுக்கு மேல் ஆகிறதே! 35 ஆம்பியர்-அவர் பேட்டரியில் பாதிக்கு மேல் குடித்துவிட்டது. அப்புறம் சாவி போட்டால் மட்டும் கரன்ட் வரும் இக்னிஷன் லைனுக்கு மாற்றி, 1 ஆம்பியர் ஃபியூஸ், திடீர் வோல்ட்டேஜ் எகிறலைத் தடுக்கும் டிவிஎஸ் டையோடு, சூடாகாமல் வோல்ட்டேஜைக் குறைக்கும் பக் கன்வெர்ட்டர் எல்லாம் சேர்த்தேன்.

வோல்ட்டேஜ் அளவும் ஆரம்பத்தில் ஆட்டம் காட்டியது. 5 வோல்ட் சப்ளையையே அளவுகோலாக வைத்திருந்தேன். அதுவே ஆடினால் கணக்கு எப்படி நிற்கும்? சிப்புக்குள் இருக்கும் 1.1 வோல்ட் ரெஃபரன்ஸுக்கு மாறி, பேட்டரி வோல்ட்டேஜை அதற்குள் அடக்க 180 கிலோ ஓம், 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டு, மல்டிமீட்டரோடு ஒப்பிட்டுத் திருத்தினேன். சரியாகிவிட்டது.

டப்பாவின் விலையை மீட்டுத் தந்தது இந்த வோல்ட்டேஜ்தான். ஓட்டும்போது எப்போதும் 14.1 நிற்கும். போன வருடம் ஹெட்லைட் போட்டால் 12.4க்கு இறங்க ஆரம்பித்தது. மெக்கானிக் அண்ணன் நம்பவில்லை. "செல்ஃப் நல்லாத்தானே எடுக்குது சார்" என்றார். கழற்றிப் பார்த்தால் ஆல்டர்நேட்டரில் கார்பன் பிரஷ் தேய்ந்து அடிமட்டத்தில் இருந்தது.

வெப்ப சென்சார் கதை வேறு. ஏலகிரி மலை ஏறும்போது திரை 85.0 டிகிரி என்று அசையாமல் நின்றது. வண்டி இவ்வளவு நிதானமாக ஏறுகிறதே என்று எனக்கு ஒரே பெருமை. மொத்தம் 14 கொண்டை ஊசி வளைவு. பாதி தாண்டியதும் மனைவி முள்ளைக் காட்டினாள். அது 'ஹெச்'சைத் தொட்டுக்கொண்டிருந்தது. திரையில் அப்போதும் 85.0. ஓரம் கட்டி, பானெட்டைத் தூக்கி ஆறவிட்டுப் பார்த்தால், சென்சாருக்குப் போகும் சிவப்பு வயர் சால்டரிங் விட்டுத் தொங்கியது. இந்தச் சென்சார் பவர் விட்டு வந்தால் வெப்பத்தை அளந்து முடிக்கும்வரை சொல்லும் எண் 85. டேட்டாஷீட்டில் தெளிவாக இருக்கிறது, நான்தான் படிக்கவில்லை. நன்றாக ஓடும் இன்ஜினின் சூடும் ஏறக்குறைய அதேதான் என்பது என் கெட்ட நேரம். "உங்க டப்பாவுக்கு அந்த முள்ளே தேவலை" என்ற பேச்சை இன்றுவரை கேட்கிறேன்.

ஓஎல்இடி திரை மத்தியான வெயிலில் தெரியவே தெரியாது. இரண்டு வருடத்தில் எப்போதும் எரிந்த எழுத்துகள் மங்கி நிழலாகிவிட்டன. இப்போது டிஎம்1637 செவன் செக்மென்ட், அதாவது டிஜிட்டல் கடிகாரம் மாதிரி எண் காட்டும் எல்இடி, பளிச்சென்று இருக்கிறது.

புரோகிராமிலும் ஒரு வரி கூடியிருக்கிறது. சரியாக 85.0 வந்தால் எண்ணுக்குப் பதில் கோடு காட்டும். நிஜமாகவே 85.0 ஆக இருந்தாலும் கோடுதான். அடுத்த விநாடி 85.1 ஆகிவிடும்.