கோ மொழியில் அரேயா, ஸ்லைஸா?

காசிமேட்டில் ஏலம் போகும் மீன் கூடைகளின் எடையைக் கோ (Go) என்ற புரோகிராமிங் மொழியில் எழுதி வைக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். எண்களை வரிசையாக வைக்க அதில் அரே, ஸ்லைஸ் என்று இரண்டு வழி.

அரேயில் அளவும் டைப்போடு, அதாவது தரவின் வகையோடு, சேர்ந்தது. ஐந்து எண் அரேயை, ஆறு எண் கேட்கும் ஃபங்ஷனுக்குக் கொடுத்தால் கம்பைலரே மறுத்துவிடும். இன்னொரு வேரியபிளில் போட்டால் மொத்தமும் காப்பி ஆகும்.

ஸ்லைஸ் அப்படியில்லை. உள்ளே இருப்பது அடியில் உள்ள ஓர் அரேயைக் காட்டும் பாயிண்டர், இப்போதைய நீளம், எத்தனை வரை கொள்ளும் என்ற கொள்ளளவு. 64 பிட் மெஷினில் 24 பைட், அவ்வளவுதான். காப்பி எடுத்தாலும் அடியில் இருக்கும் அரே ஒன்றே. ஒன்றில் முதல் கூடையை 40லிருந்து 35 ஆக்கினால் மற்றதிலும் 35தான். சரி, அப்பெண்ட் செய்தால், அதாவது கடைசியில் புதிதாக ஒன்றைச் சேர்த்தால்? கொள்ளளவு மிச்சமிருந்தால் அதே அரேயில் எழுதும். இல்லையென்றால் புது அரேக்குத் தாவிவிடும், பழைய ஸ்லைஸுக்கு விஷயமே தெரியாது. மண்டை காய்வது இங்கேதான்.

இருந்தாலும், எத்தனை கூடை வரும் என்று யார் கண்டது? என் ஓட்டு ஸ்லைஸுக்கே. ஷா-256 (தரவுக்குக் கைரேகை மாதிரி ஒரு குறியீட்டைக் கணக்கிடும் முறை) தரும் 32 பைட் மாதிரி அளவு மாறாததற்கு அரே போதும். அதை இரட்டைச் சமக்குறி போட்டு நேராக ஒப்பிடலாம், ஸ்லைஸில் முடியாது.